மலைப்பாதையும் டர்போ எஞ்சினும்

திருப்பதி நகரின் எல்லையில் உள்ள அலிபிரியிலிருந்து திருமலைக்கு மோட்டார் வண்டிகள் செல்வதற்கு இரண்டு பாதைகள் உள்ளன. முதற்பாதை 1944-ஆம் ஆண்டிலும் இரண்டாவது பாதை 1974-ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. இப்பொழுது ஏறும் வண்டிகள் புதிய பாதையிலும், இறங்கும் வண்டிகள் பழைய பாதையிலும் செல்கின்றன. பாதையின் நீளம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர். அதற்குள் வண்டி ஏறவேண்டிய உயரம் ஏறத்தாழ 700 மீட்டர். சித்தூர், வேலூர், திருத்தணி ஆகிய திசைகளிலிருந்து வரும் கார்கள் சமவெளியில் எளிதாக ஓடிவந்து, இம்மலையடியில்தான் முதன்முறையாகச் சோதனைக்கு உள்ளாகின்றன. தன் வண்டியின் எஞ்சினுக்கு இன்னும் சற்று வலிமை இருந்தால் நன்றாயிருக்குமே என்ற எண்ணம் பலருக்கு இங்கேதான் தோன்றுகிறது. டர்போ இல்லாத காரில் டர்போ எஞ்சினைப் பொருத்திக்கொள்ளும் ஆசை இளைஞரிடையே பெருகி வருவதால், அம்மாற்றத்தின் விஞ்ஞான அடிப்படையை மோட்டார் வாகனத் துறையின் களப்பணியாளரும், தொழிற்பயிற்சி நிலையங்களின் ஆசிரியரும் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஆட்களும் சுமையும் சேர்ந்து 1,500 கிலோகிராம் எடையுள்ள ஒரு கார், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 10 மீட்டர் வீதம் இம்மலையில் ஏறுவதாகக் கொள்வோம். 18 கிலோமீட்டருக்கு 700 மீட்டர் ஏற்றம் என்றால், வினாடிதோறும் வண்டி உயர்வது 39 சென்டிமீட்டர் மட்டுமே. இதற்கு வேண்டிய திறன் ஏறத்தாழ 8 குதிரைத் திறன். டயர்களின் உருளல் தடை, காற்றுத் தடை, கியர்ப் பெட்டியில் ஏற்படும் இழப்பு ஆகிய அனைத்தையும் கூட்டினாலும் தேவை 15 குதிரைத் திறனைத் தாண்டாது. மிகச் சிறிய காரின் எஞ்சின்கூட இதைப்போல் மும்மடங்கு தரவல்லது. ஆகவே திருமலைக்கு ஏறுவதற்கென ஒரு காருக்கு டர்போ தேவையே இல்லை. 15 டன் எடையுள்ள பேருந்தின் நிலை வேறு. அதே கணக்கின்படி அதற்கு 100 குதிரைத் திறனுக்கு மேல் தொடர்ந்து வேண்டும். ஆதலால் கனரக டீசல் வண்டிகளில் டர்போ பொதுவழக்காகி விட்டதில் வியப்பில்லை.

காரில் டர்போவை நாடுவோர் உண்மையில் விரும்புவது ஏறும் ஆற்றலை அன்று. விரைவாக வேகம் கூட்டும் ஆற்றலையே ஆகும். இவ்வேறுபாடு பின்னர் மிக முக்கியமாகும்.

எஞ்சினின் திறனை வரையறுப்பது பெட்ரோல் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் வரையறுப்பது காற்று. ஒரு கிலோகிராம் பெட்ரோல் முற்றிலும் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். கன அளவில் கூறினால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று! எரிபொருளைக் கூடுதலாகச் செலுத்துவது எளிது. அதனை எரிப்பதற்கான பிராணவாயுவைச் சிலிண்டருக்குள் கொண்டுவருவதே கடினம். சாதாரண எஞ்சின், பிஸ்டன் கீழிறங்கும்போது ஏற்படும் உறிஞ்சலால் மட்டுமே காற்றைப் பெறுகிறது. வெளியிலுள்ள காற்றின் அழுத்தத்திற்கு மேல் அதனால் ஒருபோதும் பெற முடியாது. திருமலையின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவாதலால், அங்கே அவ்வெஞ்சினின் திறனும் ஏறக்குறைய அந்த அளவு குறைகிறது.

இக்குறையைப் போக்க எழுந்த சாதனமே டர்போ. பெட்ரோலை எரிப்பதால் பிறக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு கலந்து வீணாக வெளியேறுகிறது. அந்தப் புகையின் பாதையில் ஒரு சிறு விசையாழிச் சக்கரத்தை வைத்து, அதே அச்சின் மறுமுனையில் காற்றை அமுக்கும் சக்கரம் ஒன்றைப் பொருத்தினால், வெளியேறும் புகையே உட்புகும் காற்றைத் திணிக்கும். நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் இவ்வச்சைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம். ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்பிரட் பியூக்கி என்னும் பொறியியலாளர் 1905-ஆம் ஆண்டில் இக்கருத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1918-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சான்போர்டு மாஸ் என்பார் ‘லிபர்ட்டி’ என்னும் விமான எஞ்சினை 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்திற்கு வண்டியில் ஏற்றிச்சென்று சோதித்தார். சமவெளியில் 350 குதிரைத் திறன் அளித்த எஞ்சின் சிகரத்தில் 230 மட்டுமே அளித்தது. டர்போவை இணைத்ததும் 356 ஆக உயர்ந்தது. டர்போவின் பெருமை முதன்முதலில் மெய்ப்பிக்கப்பட்ட இடமும் ஒரு மலையே.

ஆயின், காற்றை அமுக்கினால் அது சூடேறும். இதனை வகுப்பறையில் காட்டுவதற்கு மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பு ஒன்றே போதும். இருபது முப்பது முறை விரைவாக அடித்தபின் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தால், மாணவர் தாமே உணர்வர். உராய்வினாலும் ஓரளவு சூடு பிறக்கிறது என்று அறிவுள்ள மாணவன் கூறுவான், கூறினால் பாராட்டவேண்டும். பம்பின் மேற்பகுதியையும் தொடச் செய்தால், காற்று மிகுதியாக அமுக்கப்படும் அடிப்பகுதியே அதிகச் சூடு என்பது விளங்கும்.

எஞ்சினில் இதன் அளவைக் கணக்கிடலாம். வெளிக்காற்று 35 டிகிரி உஷ்ணத்தில் உள்ளது. டர்போ அதன் அழுத்தத்தை ஒன்றரை மடங்காக்குகிறது. அமுக்கும் சக்கரத்தின் செயல்திறன் நூற்றுக்கு 70 எனக் கொண்டால், வெளிவரும் காற்றின் உஷ்ணநிலை ஏறத்தாழ 90 டிகிரி. சூடேறிய காற்று விரிவதால் அதன் அடர்த்தி குறைகிறது. ஆகவே அழுத்தம் 50 சதவீதம் கூடியும், சிலிண்டருக்குள் செல்லும் காற்றின் எடை 28 சதவீதமே கூடுகிறது. அக்காற்றை ‘இன்டர்கூலர்’ என்னும் குளிர்விப்பானின் வழியே செலுத்தி 50 டிகிரிக்குக் கொண்டுவந்தால், ஆதாயம் 43 சதவீதமாகிறது. காரின் முகப்பில் ரேடியேட்டருக்கு முன்னால் இரண்டாவதாக ஒரு ரேடியேட்டர் போன்ற பகுதி அமைந்திருப்பதன் காரணம் இதுவே. சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் திருப்பதி வெயிலில், மெதுவாக ஊர்ந்தேறும் வண்டியின் முகப்பில் போதிய காற்று படாதபோது, இக்குளிர்விப்பானின் பயன் பெரிதும் குறைந்துபோகிறது.

சூடான காற்றினால் மற்றொரு தீமையும் உண்டு. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி தோன்றிய இடத்திலிருந்து சுவாலை ஒழுங்காகப் பரவவேண்டும். கலவை மிகுந்த சூடும் அழுத்தமும் பெற்றால், சுவாலை வந்து சேருமுன் ஓரங்களிலுள்ள கலவை தானே வெடித்து எரியும். சுத்தியலால் தட்டுவதுபோன்ற ஓசை அதன் அடையாளம். இத்தட்டல் நீடித்தால் பிஸ்டன் உருகித் துளைபடும். ஆதலின் டர்போ எஞ்சினின் அமுக்க விகிதம் வழக்கமாகக் குறைவாகவே வைக்கப்படுகிறது. 1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபீல் ‘ஜெட்பயர்’ என்னும் கார் இவ்விதியை மீறிப் பார்த்தது. அமுக்க விகிதத்தைப் பத்துக்கு மேல் வைத்துக்கொண்டு, தட்டலைத் தடுப்பதற்காக நீரும் மெதில் ஆல்கஹாலும் கலந்த திரவத்தை உட்காற்றில் தெளிக்குமாறு அமைத்தார்கள். அத்திரவத்தை அவ்வப்போது நிரப்பிவைக்க உரிமையாளர்கள் மறந்தனர். முடிவில், டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டரைப் பொருத்தித் தரும் நிலைமைக்கு அக்கம்பெனியே வந்தது.

போர்ஷ் கம்பெனியார் செய்தது இதற்கு நேர்மாறு. அவர்களுடைய ‘911’ என்னும் விரைவுக் காரில் 1970-களின் நடுவில் டர்போ எஞ்சின் வைக்கப்பட்டபோது, அமுக்க விகிதம் 6.5 ஆகக் குறைக்கப்பட்டது. 260 குதிரைத் திறனின் முறுக்கு விசையைத் தாங்குவதற்கென ஐந்து கியர்கள் கொண்ட பெட்டியை விட்டு, பருமனான பற்சக்கரங்களுடன் கூடிய நான்கு கியர்ப் பெட்டி புதிதாகச் செய்யப்பட்டது. சக்கரங்கள் அகலமாயின, அவற்றை மூடும் பக்கத் தகடுகளும் அகன்றன. 1978-இல் திறன் 300 ஆக உயர்ந்தபோது, அவர்களுடைய பந்தயக் காரின் பிரேக்குகளை ஒட்டிய பிரேக்குகள் இதற்கு வந்து சேர்ந்தன. வெளிப்பார்வைக்கு அது பழைய காரில் புதிய எஞ்சின். உண்மையில், எஞ்சினிலிருந்து தரைவரையில் விசை செல்லும் வழி முழுவதும் புதிது.

நம் நாட்டிலும் இதற்கு எடுத்துக்காட்டுகள் உள. இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 1984-இல் வெளியிட்ட ‘கான்டெஸ்ஸா’ காரில் முதலில் இருந்தது அம்பாஸிடரின் 1.5 லிட்டர் எஞ்சின். திறன் ஏறத்தாழ 50. பெரிய உடலும் சிறிய இதயமும் என்று கேலி செய்யப்பட்ட அவ்வண்டி, 1980-களின் பிற்பகுதியில் ஜப்பானிய இசுசு கம்பெனியின் 1.8 லிட்டர் எஞ்சினைப் பெற்றபின்னரே தன் உருவத்திற்குரிய ஓட்டத்தைப் பெற்றது. அவ்வெஞ்சினோடு ஐந்து கியர்ப் பெட்டியும் சேர்ந்தே வந்தது என்பது கவனிக்கத்தக்கது. பின்னர் 1990-களில் இசுசுவின் டர்போ டீசலும் அதில் இடம்பெற்றது. அதே இசுசு கம்பெனி 2016 முதல் ஸ்ரீ சிட்டியில் சொந்தத் தொழிற்சாலை நடத்துகிறது. அன்று சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்விடம், 2022-இல் ஏற்பட்ட பிரிவினைக்குப்பின் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது.

மாருதி கம்பெனி 2017-இல் வெளியிட்ட ‘பலேனோ ஆர்.எஸ்.’ இன்னும் தெளிவான சான்று. சாதாரணப் பலேனோவில் 1.2 லிட்டர் எஞ்சின் 84 குதிரைத் திறன் அளித்தது. ஆர்.எஸ். வகையில் 1.0 லிட்டர் டர்போ எஞ்சின் 102 அளித்தது. கூடியது 18 குதிரைத் திறனே. ஆயினும் பின் சக்கரங்களின் டிரம் பிரேக்கை நீக்கி டிஸ்க் பிரேக் வைத்தார்கள். 2020-இல் அவ்வகை நிறுத்தப்பட்டது.

இனி, பட்டறையில் நடப்பதைப் பார்ப்போம். சென்னையிலிருந்து திருப்பதிக்கு வரும் வழியிலுள்ள திருவள்ளூரில் 1998 முதல் மிட்சுபிஷி ‘லான்சர்’ கார்கள் தயாராயின. அவற்றின் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 90 குதிரைத் திறனுக்கும் குறைவாக அளித்தது. அதே காலத்தில் ஜப்பானில் அதே உருவமும் அதே பெயரும் கொண்ட ‘லான்சர் எவொலூஷன்’, 2 லிட்டர் டர்போ எஞ்சினுடன் 280 குதிரைத் திறன் அளித்து, உலக ரேலிப் பந்தயங்களில் வென்று புகழடைந்தது. அந்த எஞ்சினை இந்த உடலில் வைத்தால் என்ன என்ற எண்ணம் எழுவது இயற்கையே. எஞ்சின் அறைக்குள் அது அடங்கவும் கூடும். ஆனால் எவொலூஷனில் விசை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இங்கு விற்ற லான்சரில் முன்சக்கரங்கள் இரண்டுமே வண்டியை இழுத்தன. மும்மடங்கு விசையை இரு சக்கரங்களில் செலுத்தினால் டயர் தரையைப் பற்றாமல் வழுக்கும். அல்லது ஸ்டியரிங் ஒருபக்கம் இழுக்கும். கிளச் தட்டு தேயும். சக்கர அச்சின் இணைப்பு முறியும். பழைய எரிபொருள் பம்பு புதிய எஞ்சினின் பசிக்கு ஈடுகொடாவிடில் கலவை மெலிந்து, மேற்கூறிய தட்டல் தோன்றும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியையும் அதன் உணரிகளையும் விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் கொண்டுவருவது, ஓட்டுநர் இல்லாமல் வண்டியைக் கொண்டுவருவது போன்றதே.

பழைய எஞ்சினிலேயே டர்போவை ஒட்டவைப்பதைவிட, டர்போவுக்கென வடிக்கப்பட்ட எஞ்சினை முழுதாக மாற்றுவது மேலானது என்பதில் ஐயமில்லை. பிஸ்டனின் வலிமை, அமுக்க விகிதம், எண்ணெய் வழிகள் யாவும் அதில் முன்னரே தீர்க்கப்பட்டுள்ளன. தீராமல் நிற்பது வண்டியின் மற்றப் பகுதி. அவற்றுள்ளும் பட்டறைக்காரர் கடைசியாக நினைப்பது பிரேக்கு.

மீண்டும் திருமலைப் பாதைக்கு வருவோம், இம்முறை இறக்கத்தில். 1,500 கிலோகிராம் கார் 700 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 35 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கை டயர்களின் உருளல் தடையும் காற்றும் ஏற்றுக்கொள்கின்றன. மீதியை எஞ்சினும் பிரேக்கும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஓட்டுநர் கியரைக் குறைக்காமல் இறங்கினால் ஏறக்குறைய முழுப்பங்கும் பிரேக்கின் தலையில் விழும். நான்கு சக்கரங்களின் பிரேக் இரும்பு மொத்தம் 30 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டு, வெப்பம் சிறிதும் வெளியேறவில்லை என்றும் கொண்டால், அவ்விரும்பின் உஷ்ணநிலை 400 டிகிரி உயரும். உண்மையில் காற்று பட்டுக் குளிர்வதால் அவ்வளவு உயர்வதில்லை. காப்பாற்றுவது அந்தக் குளிர்ச்சிதான். கிடைக்கும் நேரம் கூடக்கூடக் குளிர்ச்சியும் கூடும். இப்பாதையில் குறைந்தபட்சப் பயண நேரம் விதிக்கப்பட்டு, இறங்குவதற்கு ஏறுவதைவிட மிகுதியான நேரம் குறிக்கப்பட்டிருப்பதை ஆசிரியர்கள் இக்கணக்குடன் இணைத்து விளக்கலாம்.

இப்பொழுது வலிமை கூட்டிய காரை எண்ணிப் பார்ப்போம். அதன் ஓட்டுநர் ஒரு வளைவைக் கடந்ததும் மணிக்கு 30 கிலோமீட்டரிலிருந்து 60-க்குப் பாய்கிறார். அடுத்த வளைவில் மீண்டும் 30-க்குக் குறைக்கிறார். சாதாரண எஞ்சினுக்கு அந்தச் சிறு இடைவெளியில் 60-ஐ எட்டுவது அரிது. டர்போ எஞ்சினுக்கு எளிது. வேகம் இருமடங்கானால் இயக்கச் சக்தி நான்கு மடங்காகும். நாற்பது வளைவுகளில் இவ்வாறு பாய்ந்து குறைத்தால், பிரேக்கு கூடுதலாக விழுங்கும் சக்தி, மலையிறக்கத்தினால் அது ஏற்கவேண்டிய பங்குக்குச் சமமாகிறது. அதாவது பழைய பிரேக்கின் வேலை இரட்டிப்பாகிறது. குளிர்வதற்கான நேரமோ குறைகிறது. எஞ்சின் ஈட்டித் தரும் ஒவ்வொரு குதிரைத் திறனும் வளைவின் வாயிலில் பிரேக்குத் தட்டில் வெப்பமாக வந்து சேர்கிறது.

சூடு மிகும்போது நேர்வது இரண்டு. பிரேக்குத் தட்டின் உராய்வுப் பொருள் பற்றும் தன்மையை இழக்கும். பிரேக்குத் திரவமும் கொதிக்கலாம். அத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிதாக இருக்கும்போது 205 டிகிரிவரை கொதிக்காத வகை, ஈரமேறியபின் 140 டிகிரியிலேயே கொதித்துவிடக்கூடும். திரவத்தை அமுக்க முடியாது. ஆவியை அமுக்க முடியும். குழாயில் ஆவிக்குமிழி தோன்றியதும் காலடி மிதி எதிர்ப்பின்றித் தரைவரை சென்றுவிடும். வண்டி நிற்காது.

மேலும், சிறிய டர்போ எஞ்சின் இறக்கத்தில் பெரிய எஞ்சினைப் போல வண்டியைப் பின்னிழுப்பதில்லை. பெட்ரோல் எஞ்சினில் காலை எடுத்தபின் வண்டியைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் பெரிதும் சிலிண்டரின் கன அளவைப் பொறுத்தது. அவ்வேளையில் டர்போ உதவாது. ஏற்றத்திலும் ஒரு குறையுண்டு: கூர்வளைவில் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது புகை குறைவாதலால் டர்போ உறங்கிக் கிடக்கும், வளைவின் நடுவில் ஓட்டுநர் காலை அழுத்தி ஓரிரு வினாடி கழித்து, எதிர்பாராத நேரத்தில் விசை முழுவதும் வந்து சேரும். மலையேறி முடித்தவுடன் எஞ்சினை அணைப்பதும் தவறு. செஞ்சூடாயிருக்கும் விசையாழிக்கு எண்ணெய் ஓட்டம் நின்றுவிடுவதால், அச்சைச் சுற்றியுள்ள எண்ணெய் கருகிக் கரியாகிறது. ஒன்றிரண்டு நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு அணைத்தால் டர்போ நெடுங்காலம் உழைக்கும்.

சட்டத்தின் நிலை பணியாளர் அறிந்ததே எனினும், சுருக்கமாகக் குறிப்பிடலாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றிதழின் விவரங்களுக்கும் மாறுபாடு ஏற்படும்படி வண்டியை மாற்றுதல் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதே உற்பத்தியாளரின் அதே வகை எஞ்சினைப் பழுதின் காரணமாக மாற்றுவது வேறு; அதற்குப் பதிவு அதிகாரியிடம் வழியுண்டு. வேறு வகை எஞ்சினை வைத்து எண்ணை மறைத்து ஓட்டுபவர், விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் தொகையையும் இழக்க நேரிடலாம்.

பரிசோதனையில் எஞ்சின் எண்ணைச் சான்றிதழுடன் ஒப்பிடுவது முதற்படி. ஐயம் எழுந்தால் கண்ணால் காணத்தக்க அடையாளங்கள் பல உள்ளன: முகப்பில் இன்டர்கூலரும் அதிலிருந்து செல்லும் பருத்த ரப்பர்க் குழாய்களும், புகைபோக்கியின் தொடக்கத்தில் நத்தை வடிவான இரும்புக் கூடு, எஞ்சினைத் தாங்கும் இடங்களில் புதிய பற்றவைப்பு. அத்துடன் நிறுத்தாமல் சக்கரத்தைக் கழற்றி, பிரேக்குத் தட்டின் தடிப்பையும் நிறத்தையும் பார்க்கவேண்டும். நீலம் பாய்ந்த இரும்பு, முன்னரே ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடேறியதற்குச் சான்று. பிரேக்குத் திரவம் கறுத்திருந்தால், வண்டி மலைப்பாதைக்குப் புறப்படுமுன் அது மாற்றப்படவேண்டும். இது டர்போ உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் பொது.